அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
2025 ஏப்ரல் 22

திரு. கஸ்பர் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி செலீன் எழுதுகிறேன். கையெழுத்து மறந்திருக்கும் என்பதால் பெயரை முதலிலேயே போட்டுவிட்டேன். உங்களோடு இனிக் கதைப்பதில்லை என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னர் சபையறியச் சொன்னவள் நான். அதில் மாற்றமில்லை. கடிதம் எழுதுவது கதைப்பதில் சேராது என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

நதீஷா உயிர்த்த ஞாயிறு லீவுக்கு வந்து நிற்கிறாள். நேற்றுக் குசினி மேசையில் அவள் நிரப்பி வைத்த போம் ஒன்று கிடந்தது. நான் ஒளித்துப் பார்க்கவில்லை. சோற்றுப் பானையை வைக்க இடம் எடுத்தபோது கண்ணில் பட்டது. அவள் ஹலிஃபக்ஸில் வேலை செய்கிற ஆராய்ச்சிக் கப்பலின் போம். ஜூலை பதினேழாம் திகதி, மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு சின்ன நீர்மூழ்கியில் இவளும் கடலின் அடிக்குப் போகிறாளாம். இரண்டாயிரத்து நானூறு மீற்றர். பாகத்துக்கு ஆறடி என்று நான் கணக்குப் பார்த்தேன், ஆயிரத்து முந்நூறு பாகம். அவளுடைய அப்பா வெறும் எட்டுப் பாகத்துக்குப் போனவர், உயிரோடு திரும்பி வரவில்லை.

அதைக்கூட விடுங்கள். கடைசிப் பக்கத்தில் ‘அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர்’ என்று ஒரு கோடு. பெற்ற தாய் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். அந்தக் கோட்டில் கஸ்பர், பிக்கரிங், உறவு மாமா என்று எழுதியிருக்கிறது.

கேட்டேன். “ஏனம்மா கத்துறீங்கள்? உங்களுக்கு அடிச்சா நீங்கள் பயத்தில போனை எடுக்கவே மாட்டீங்கள். மாமா எடுப்பார்” என்றாள். மாமாவாம். எட்டு வயதுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் என் வீட்டில் சொன்னதில்லை.

என் மகளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? எனக்கு இரண்டு காரியம் ஆகவேண்டும். உங்கள் பெயரை வெட்டச் சொல்லுங்கள். அதோடு, போகாதே என்றும் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள் போலிருக்கிறது. இதை எழுத எனக்கு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செலீன்

*

பிக்கரிங்
2025 ஏப்ரல் 30

அன்புள்ள தங்கச்சி செலீனுக்கு,

உன் கடிதத்தை மரியோவின் மனுசி மேலேயிருந்து கொண்டுவந்து தந்தாள். மகன் வீட்டுப் பேஸ்மன்றில் இருக்கிற எனக்குத் தபாலில் வருவதெல்லாம் காது மெசின் விளம்பரம்தான். உன் எழுத்தைக் கண்டதும் யாரோ மோசம்போய்ச் செத்தவீடு சொல்லி வந்திருக்கிறது என்று நினைத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். வாசித்து முடித்த பிறகு ‘திரு. கஸ்பர் அவர்களுக்கு’ என்பதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபத்திலும் உனக்கு மரியாதை குறையவில்லை.

நதீஷாவை நான் தேடிப் போகவில்லை. நத்தார் லீவில் ஒருநாள் கோ ரெயினில் வந்து இறங்கி, கதவைத் தட்டி, “நான் இக்னேசியஸின்ர மகள்” என்றாள். சொல்லத் தேவையிருக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தரம் வந்துவிட்டாள். யார் பிழை, எப்படி நடந்தது என்று அவள் கேட்பாள் என்று முப்பது வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்டதோ, “மாமா, அப்பா அந்தக் கிடாரத்தில கண்ணாடியை எதால ஒட்டினவர்?” என்று.

நான் சொன்னேன். பேசாலையில் வள்ள எஞ்சின் திருத்தின மனிதர், கடலடிக்கு முதன்முதல் போனவர்களைப் பற்றி ஒரு துண்டுப் பேப்பர் அகப்பட்டாலும் வெட்டி ஒட்டிவைத்ததை. செப்புக் கிடாரத்தைக் கவிழ்த்து, பக்கத்தில் வெட்டிக் கண்ணாடி வைத்து, வள்ளத்திலிருந்து ஒருவர் லொறி ரயர் பம்மால் குழாய் வழியே காற்றடிக்க, அதைத் தலையில் போட்டுக்கொண்டு முத்துச்சிப்பி விளைகிற பாரில், கடலடியில் நடந்ததை. அவள் தன் போனில் படம் காட்டினாள். தொண்ணூறு வருடத்துக்கு முன்னர் இரண்டு பேர் ஒரு இரும்பு உருண்டைக்குள் முழங்காலை மடக்கி இருந்து, ஒரேயொரு கம்பி வடத்தில் தொங்கி, அரை மைல் கீழே போனார்களாம். உள்ளிருந்து மேலே ரெலிபோன் வயர். மேலே ஒரு பெண் அதைக் காதில் வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தாளாம். பேச்சுக் கொஞ்சம் நின்றாலும் கப்பலில் எல்லாருக்கும் நெஞ்சு அடைக்குமாம்.

“உங்கட பெட்டி எதில தொங்கும்?” என்று கேட்டேன். “கயிறே இல்லை மாமா. இரும்புப் பாரத்தோட கீழ போறது, பாரத்தைக் கழட்டிப்போட்டு மேல வாறது. தற்ஸ் இற்” என்றாள்.

அப்போதுதான் கேட்டாள்: “அப்பான்ர கயிறை ஏன் நீங்கள் பிடிச்சனீங்கள்? உங்களுக்குக் கடல் ஒத்துவராதெண்டு அம்மா சொல்லுவா.” வழக்கம் என்றேன். முத்துக் குளித்த காலத்திலிருந்து, கீழே போகிறவனின் கயிறு அவன் பெண்சாதியின் சகோதரன் கையில்தான். தன் தங்கச்சியைத் தாலியறுக்க வைக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. நான் கூட்டுறவுச் சங்கத்தில் சீனி நிறுத்தவன், வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி எடுக்கிறவன். ஆனாலும் மச்சான் நான்தானே. கடைசி நாள், கைதேர்ந்த பஸ்ரியன் கயிறு பிடிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டான். அதனால் நான் ஏறினேன். அந்த மனிதன் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால்!

போமில் என் பெயர் இருப்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். இந்த வேலை எனக்கு வேண்டாம் தங்கச்சி. இன்னொருதரம் என்னால் முடியாது. பெயரை வெட்டச் சொல்லுகிறேன். ஆனால் போகாதே என்று சொல்லமாட்டேன். கண்ணாடி ஒட்டின பசையைப் பற்றிக் கேட்டபோது அவள் முகத்தில் அவரைக் கண்டேன்.

உன் அண்ணன்
கஸ்பர்

*

மோர்னிங்சைட்
2025 மே 11

அண்ணாவுக்கு,

இன்றைக்கு அன்னையர் தினம். நதீஷா பூ அனுப்பியிருக்கிறாள். “பூ வேண்டாம் பிள்ளை, போகேல்லை எண்டு ஒரு வரி அனுப்பு” என்றேன். “லவ் யூ அம்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவள் முகத்தில் அவரைக் கண்டீர்களாம். இருபத்தொன்பது வருடமாக அந்த முகத்துக்குச் சோறு போட்டவள் நான். கடலடி, கடலடி என்று உங்கள் எல்லாருக்கும் என்ன விசர் பிடித்திருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கிடாரம் எனக்குச் சீதனமாகத் தந்தது. கலியாணத்துக்குச் சோறு காய்ச்சின கிடாரத்தில் ஓட்டை போட்டவர் அவர். திட்டினால் சிரிப்பார். சாப்பிடும்போது அந்தக் கதைகள்தான். உலகத்திலேயே ஆழமான இடத்துக்கு 1960இல் இரண்டு பேர் போனார்களாம். போகிற வழியில் யன்னல் வெடித்ததாம், ஆனாலும் விடாமல் போனார்களாம். கிட்டத்தட்டப் பதினொரு கிலோமீற்றர். இருபது நிமிடம் இருந்தார்களாம், சேறு கிளம்பி ஒரு படமும் எடுக்க முடியவில்லையாம். “அப்ப என்ன மண்ணுக்குப் போனவங்கள்?” என்று கேட்டேன். “அந்த மண்ணுக்குத்தான்” என்றார்.

இன்னொன்றும் சொல்லுவார். பழைய காலத்தில் ஒரு அரசன் கண்ணாடிப் பீப்பாவுக்குள் இருந்து கடலுக்குள் இறங்கினானாம். சங்கிலியைத் தான் மிகவும் நம்பின பெண்ணிடம் கொடுத்தானாம். அவள் விட்டுவிட்டாளாம். “அதாலதான் எங்கட ஆக்கள் பெண்சாதியிட்டக் குடுக்கிறேல்லை, பெண்சாதியின்ர அண்ணனிட்டக் குடுக்கிறது” என்று என்னைக் கிள்ளுவார். நானும் சிரித்தேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. நதீஷா எட்டு வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கின கொண்டாட்டத்தில், வோபர்ன் ஹோலில், ஜேர்மனியிலிருந்து வந்த றோய் என்ன சொன்னார்? அந்தக் கடைசி நாள் வள்ளத்தில் காற்றுப் பம் அடித்தவர் அவர். “கஸ்பர் அண்ணை கயிறைக் கையில வைச்சிருக்கேல்லை அக்கா. பலகையில சுத்திக் கட்டிப்போட்டு மற்றப் பக்கம் தலையைத் தொங்கப்போட்டிருந்தவர்” என்றார். கயிறு பிடிக்கிறவன் கயிற்றைக் கட்டுவதில்லை. மூன்று தரம் இழுத்தால் தூக்கவேண்டும். அது பலகைக்குத் தெரியுமா?

நீங்கள் கேக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்தோனியார் சத்தியமாக அப்படி இல்லை என்றீர்கள். அன்றைக்கு உங்களை வெளியே போகச் சொன்னேன்.

கட்டினீர்களா, இல்லையா? எனக்கு அந்த ஒரு சொல் வேண்டும். அதையே நதீஷாவுக்கும் சொல்லுங்கள். பிறகு உங்கள் பெயரை அவளே வெட்டுவாள்.

செலீன்

*

பிக்கரிங்
2025 மே 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

விக்ரோறியா தினம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பின்னேரமே வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். உனக்கு வெடிச் சத்தம் ஒத்துவராது, உங்கள் பக்கமும் கேட்கிறதோ தெரியாது.

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ கேட்ட அந்த ஒரு சொல்லை எழுதுகிற அளவுக்கு எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும்.

அதற்குப் பதிலாக உனக்குச் சேரவேண்டிய ஒரு பொருளை அனுப்புகிறேன். மச்சானின் சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டை நோட்டுப் புத்தகம். முன்பக்கம் முழுக்க வெட்டி ஒட்டின படங்கள். பின்பக்கத்தில், ஒவ்வொரு தரமும் கீழே போய் வந்து பென்சிலால் எழுதியது. அன்றைக்கு அவர் கழற்றி வைத்த சேட்டோடு வள்ளத்தில் கிடந்தது. நான் எடுத்து ஒளித்தேன். மன்னாரிலிருந்து கொழும்புக்கு, கொழும்பிலிருந்து இங்கே, முப்பது வருடம் என்னோடு வந்திருக்கிறது. இதை உனக்குத் தராமல் வைத்திருந்தது களவுதான். களவெடுத்ததற்குக் காரணம் கடைசிப் பக்கம். அதை நீ வாசித்தால் உன்னையே நோகடிப்பாய் என்று பயந்தேன். இப்போது வயது போய்விட்டது. எனக்கு ஏதும் நடந்தால் மரியோ இதைப் பழைய பேப்பரோடு எறிந்துவிடுவான்.

அவர் என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ‘பெப்ரவரி 11. ஆறரைப் பாகம். நிமிர்ந்து பார்த்தேன். வள்ளத்தின் அடி தெரிந்தது. ஒரு பக்கத்தில் கஸ்பரின் தலை தொங்குகிறது. பாவம், சத்தி எடுக்கிறான். மீன்களுக்கு நல்ல கொண்டாட்டம்.’ முப்பது வருடத்தில் நான் இதை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! ஒவ்வொரு தரமும் சிரிப்பு வரும், பிறகு கொப்பியை மூடிவிடுவேன்.

நதீஷாவிடம் பெயரை வெட்டச் சொன்னேன். காரணம் கேட்டாள். காரணம் சொல்லாமல் வெட்டமாட்டாளாம்.

கஸ்பர்

*

மோர்னிங்சைட்
2025 ஜூன் 2

அண்ணாவுக்கு,

கொப்பி வந்தது. தபால்காரன் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இரண்டு நாள் அதைத் திறக்கவில்லை. மாதாவின் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன்.

பிறகு வாசித்தேன். ‘பெப்ரவரி 4. ஐந்து பாகம். மணல் வாரிவிட்ட தலைமாதிரி வரிவரியாகக் கிடக்கிறது. ஒரு கடலட்டை என் பாதத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் போனது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. செலீன் கேட்பாள், அங்கே என்ன கிடக்கிறது என்று. ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்கு முன்னர் ஒருவரும் நின்று பார்த்ததில்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு விளங்கும்.’

நான் வயிற்றில் சுமந்த பிள்ளைக்கு அவர் அங்கே நின்று உயில் எழுதியிருக்கிறார். எனக்கு விளங்கவில்லை, அவளுக்கு விளங்கிவிட்டது.

கடைசிப் பக்கத்தையும் வாசித்தேன். ‘பெப்ரவரி 17. கஸ்பரால் முடியாது. செலீனின் பிடிவாதத்துக்காகத்தான் வருகிறான். நாளைக்குப் பஸ்ரியனை வரச் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சண்டை பிடிப்பாள்.’ இதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியாது.

ஆனால் ஒன்று. போன ஒக்ரோபரில் இங்கே நடந்த பஸ்ரியனின் செத்தவீட்டுக்கு நீங்கள் வரவில்லை. கோயிலில் அந்த மனிதர் சமாதானம் சொல்லக் கை நீட்டியபோது நீங்கள் முகத்தைத் திருப்பியதை இரண்டு தரம் கண்டிருக்கிறேன். இனி அவரைத் திட்ட வேண்டாம். என் காதுபட வேண்டாம், எழுத்திலும் வேண்டாம்.

நதீஷாவோடு நேற்றும் சண்டை. “நீ திரும்பி வராட்டில் நான் என்ன செய்யிறது?” என்று கேட்டேன். “நான் இண்டைக்கு வரைக்கும் அப்பான்ர குரலைக் கேட்டதில்லை அம்மா. அவர் பார்த்த இடத்தை நானும் ஒருக்காப் பார்க்கவேணும்” என்றாள். அதே இடம் இல்லையே என்றேன். கடல் எல்லாம் ஒன்றுதானாம்.

கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை.

செலீன்

*

பிக்கரிங்
2025 ஜூன் 13
அந்தோனியார் திருநாள்

தங்கச்சி,

கட்டினேன்.

யாருடைய பெயரில் பொய்ச் சத்தியம் பண்ணினேனோ அவருடைய திருநாளில் எழுதவேண்டும் என்று பொறுத்திருந்தேன். விடியப் பூசைக்குப் போய் வந்து இருக்கிறேன்.

சமாதானப் பேச்சு நடந்த அந்த மாதங்களில்தான் கடல் கொஞ்சம் திறந்திருந்தது, உனக்கு ஞாபகமிருக்கும். அன்றைக்குப் பாரின் வெளிப்பக்கம் போனோம். எட்டுப் பாகம். மச்சான் இறங்கி ஐந்து நிமிடத்தில் காற்று எழும்பியது. எனக்குக் குடலே வெளியே வரும்போல இருந்தது. வள்ளத்தைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு நிமிடம்தானே என்று கயிற்றைப் பலகையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அது ஒரு நிமிடமா, பத்து நிமிடமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “பம் இறுகுது, என்னெண்டு பாருங்கோ” என்று றோய் கத்தினான். முடிச்சு அவிழ்க்க முடியாமல் இறுகியிருந்தது. கத்தியால் வெட்டித்தான் இழுத்தோம். காற்றுக்குழாய் கல்லுக்குள் மாட்டி மடிந்திருந்தது. கிடாரம் கழன்றுவிடக்கூடாது என்று அவர் அதைத் தோளோடு வாரால் கட்டியிருந்தார், அவசரத்துக்குக் கழற்ற முடியவில்லை.

பிறகு பலகையைப் பார்த்தேன். கயிறு உரசின இடம் வெள்ளையாக இருந்தது. அவர் இழுத்திருக்கிறார். எத்தனை தரம் இழுத்தாரோ தெரியாது. நீ கேட்டாயே, பலகைக்குத் தெரியுமா என்று. பலகைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

நான் கொலைகாரன் என்று நீ சொன்னால் ஓம் என்பேன். அந்த ஹோலில் உண்மையைச் சொன்னால் உன்னையும் பிள்ளையையும் இழந்துவிடுவேன் என்று பயந்து பொய் சொன்னேன். பொய் சொல்லியும் இழந்தேன்.

உனக்கு எழுத முதல் நதீஷாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சொல்லி முடிந்த பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கப்பலில் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைத்தேன். கனநேரம் கழித்து மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொன்னாள்: “மாமா, நான் பேரை வெட்டமாட்டன். உலகத்தில வேற ஆர் எடுக்காட்டிலும் நீங்கள் அந்தப் போனை எடுப்பீங்கள். இனி உங்களால எதையும் கட்டிப்போட்டு இருக்க ஏலாது.”

எனக்குச் சந்தோசம் என்று நினைக்காதே. அன்றையிலிருந்து நித்திரை இல்லை. ஏதும் பிசகு என்றால் மட்டும்தான் கப்பல்காரரின் கந்தோரிலிருந்து அழைப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் கடலுக்கு மேலே வந்து பின்னேரம் அவளே அழைப்பாள். காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் அந்தப் போனோடு நான் தனியே இருக்கவேண்டும். மரியோவும் மனுசியும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

கஸ்பர்

*

மோர்னிங்சைட்
2025 ஜூன் 29

அண்ணா,

வாசித்தேன். நான் மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு குழப்பம் வரக்கூடாது.

பதினேழாம் திகதி வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். அந்தப் போன் இருக்கிற இடத்தில் நான் இருக்கவேண்டும், காரணம் அவ்வளவுதான். சார்ஜரையும் கொண்டுவாருங்கள், மறந்துவிட்டு வந்து நிற்கிற ஆள் நீங்கள். மரியோவை வேலைக்கு லீவு போடவைக்க வேண்டாம், பஸ் வருகிறது.

அந்தக் கதையைக் கதைக்க வேண்டாம். செபமாலை சொல்லுவோம்.

செலீன்

*

மோர்னிங்சைட்
2025 ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

முந்தநாள் நீங்கள் வெளிக்கிட்டபோது வாசலில் நின்று ஒன்று சொல்ல வாயெடுத்தேன். “மழை வரும்போல, குடையை எடுங்கோ” என்றுதான் வந்தது. ஆகையால் எழுதுகிறேன்.

முதலில் அந்த நாளைப் பற்றி. நீங்கள் போனை மேசை நடுவில், சார்ஜரில் கொளுவி வைத்தீர்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், பிரேதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறமாதிரி. செபமாலையில் மூன்றாம் காரணிக்கத்தின் பத்து மணியை நீங்கள் இரண்டு தரம் சொன்னீர்கள், நான் திருத்தவில்லை. கட்டிலில் விழுந்தால் எழும்பமாட்டேன் என்று பயந்து சமைத்தேன். நீங்கள் ஒரு வாய் வைத்ததும் குளியலறைக்கு ஓடினீர்கள். தரையில் இருந்துகொண்டே உங்களுக்குக் கடல் ஒத்துவரவில்லை என்று எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. உண்மையாக வந்தது. உங்கள் முன் சிரித்து இருபத்திரண்டு வருடம்.

இரண்டு மணி பத்து நிமிடம் இருக்கும், போன் அடித்தது. தெரியாத நம்பர். நீங்கள் கையை நீட்டினீர்கள், கை பாதியில் நின்றுவிட்டது. நதீஷா நினைத்தது பிழை அண்ணா. உங்களாலும் எடுக்க முடியவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் எடுத்தேன். எடுத்து, என் காதில் வைக்காமல், உங்கள் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, அதற்குள் திணித்து மூடினேன். “நீங்கள் கதையுங்கோ” என்றேன்.

புகைக்குழாய் துப்பரவாக்குகிற கொம்பனிக்காரன். இந்த மாதம் மலிவு என்று அவன் சொல்ல, “தாங்க் யூ, தாங்க் யூ வெரி மச்” என்று நீங்கள் அழுதுகொண்டு அவனுக்கு நன்றி சொன்னீர்கள். அவன் தொடர்ந்து கதைத்தான், பாவம், இப்படி ஒரு ஆள் அவனுக்கு ஒருநாளும் அகப்பட்டிருக்காது.

ஐந்தே காலுக்கு நதீஷாவே அழைத்தாள். “அம்மா, சேறுதான். கொஞ்ச மண்ணும். அவ்வளவு வடிவு அம்மா” என்று கத்தினாள். நீங்கள் நிலத்தில் இருந்துவிட்டீர்கள். என்னால் சந்தோசப்பட முடியவில்லை. உங்கள் கையில் அந்தப் போனைத் திணித்த என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அதற்கு அந்த வேலை புதிதில்லை.

பஸ்ரியன் அந்தக் கடைசி நாள் வந்தவர், அண்ணா.

விடிய ஆறு மணிக்குப் படலையில் வந்து நின்றார், என் மனுசன் அதற்கு முதலே கரைக்குப் போய்விட்டார். கயிறு எங்கள் வீட்டில்தான் இருந்தது, அதை எடுக்க வந்தார். “இக்னேசியஸ் என்னைப் பிடிக்கச் சொன்னவன் தங்கச்சி” என்றார். அப்போதுதான் எனக்கே தெரியும். எனக்கு மூன்று மாதம். பயம் பிடித்தது. பிறத்தியான் கையில் என் மனுசனின் உயிரைக் கொடுப்பதா என்று நினைத்தேன். “என்ர அண்ணன் போறார், நீங்கள் தேவையில்லை, போங்கோ” என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். அவர் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து, “கஸ்பருக்கு ஏலாது பிள்ளை, ஒருக்கா யோசி” என்றார். நான் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றேன்.

பிறகு கயிற்றைத் தூக்கிக்கொண்டு உங்கள் கூட்டுறவுக் கடைக்கு வந்தேன். பஸ்ரியனைக் காணவில்லை என்று பொய் சொல்லி, உங்கள் கையில் வைத்தேன். கரையில் என் மனுசனுக்கும் அதையே சொன்னேன். உங்கள் முகம் வெளுத்ததைக் கண்டேன். உங்களால் முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

நீங்கள் முப்பது வருடம் பஸ்ரியனைத் திட்டினீர்கள். நான் இருபத்திரண்டு வருடம் உங்களைத் திட்டினேன். அவர் ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒருநாள் வோபர்னில் பஸ் ஸ்ரொப்பில் கண்டபோது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உன்ர வயித்தில பிள்ளை இருந்தது” என்றார். அதற்குமேல் கதைக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அவருடைய செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் நான் வாய் திறக்கவில்லை.

நதீஷாவுக்கு நேற்று இரண்டு மணித்தியாலமாக இதைச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்று எழுதமாட்டேன், அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நீங்கள் சொன்னபோது மூக்கை உறிஞ்சினாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இருபத்தேழாம் திகதி ஞாயிறு, பூசை முடிந்த பிறகு, பஸ்ரியன் கிடக்கிற சேமக்காலைக்குப் போகிறேன். அவருக்கு முன்னால் ஒருதரம் வாய் திறந்து சொல்லவேண்டும். தனியே நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. பதினொரு மணிவரைக்கும் நிற்பேன். நீங்கள் வராவிட்டாலும் எனக்கு விளங்கும்.

தங்கச்சி
செலீன்